முழுசா ஓடினால்தான் ஓட்டமா? – வாசகர் கேள்வி பதில்

ஜனவரி பிறந்தாலே நம் மும்பை வாசகர்கள் அனுப்பும் கடிதங்களில் பாதி மாரத்தானைப் பற்றித்தான் இருக்கும், பொங்கலை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில் அந்த ஊரே ரோட்டுக்கு வந்துவிடுவதால் அதில் ஆச்சரியம் இல்லை. இந்த முறை திருநெல்வேலி, சேலம் என்று நம் பக்கத்திலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். அதனால் சினிமா, அரசியல் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்கு. இந்த வாரம் ஓட்டம் மட்டும்.

கே: என் மருமகன் போன வருஷம் மும்பை மாரத்தான் ஓடியதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். போட்டோவைப் பார்த்தால் கையில் பேனர், தலையில் கலர் தொப்பி, சிரித்தபடி நடந்து போகிறார். மாரத்தான் என்றால் இதுதானா? – டோம்பிவிலி வாசகர்

ப: மருமகன் போனது ட்ரீம் ரன். சுமார் ஆறு கிலோமீட்டர், அதில் யாரும் நேரம் பார்ப்பதில்லை. கம்பெனி பேனரோடு வருகிறவர்கள், ஒன்பது கஜம் கட்டிக்கொண்டு வருகிறவர்கள், காந்தி வேஷம் போட்டவர்கள் எல்லாரும் அதில்தான் இருப்பார்கள். 2004ல் இந்த மாரத்தான் தொடங்கியதிலிருந்து அன்று டிவியிலும் பேப்பரிலும் அதிகம் தெரிவது இந்தக் கூட்டம்தான் என்பதால், வெளியே இருக்கிறவர்கள் இதையே மாரத்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

உண்மையில் ஒரே நாளில் நாலைந்து ஓட்டங்கள் நடக்கின்றன. சி.எஸ்.எம்.டி. (பழைய வி.டி.) ஸ்டேஷன் வாசலில் தொடங்கும் 42.195 கிலோமீட்டர்தான் ஃபுல், அதாவது மாரத்தான். மாஹிம் ரேதி பந்தரில் தொடங்கி, பாந்த்ராவையும் வொர்லியையும் இணைக்கும் கடல் பாலமான சி லிங்க் வழியாகத் தெற்கே வருவது ஹாஃப், 21.1. அப்புறம் 10 கிலோமீட்டர், ட்ரீம் ரன், மூத்த குடிமக்களுக்கு நாலு கிலோமீட்டரை ஒட்டி ஒன்று, மாற்றுத்திறனாளிகளுக்கு அதைவிடச் சின்னதாக ஒன்று. ஃபுல்லுக்கும் ஹாஃபுக்கும் நினைத்த மாத்திரத்தில் பேர் கொடுத்துவிட முடியாது, இதற்கு முன்னால் எங்கே ஓடினீர்கள், எவ்வளவு நேரத்தில் முடித்தீர்கள் என்று சர்டிபிகேட் கேட்பார்கள். மருமகன் அடுத்த முறை சொல்லும்போது 'எந்த ஓட்டம்?' என்று மட்டும் கேளுங்கள். ஆனால் கிண்டலாகக் கேட்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போர்வையை உதறிவிட்டுப் போயிருக்கிறார் இல்லையா.

கே: 42 கிலோமீட்டர் போதாதா? அந்த 195 மீட்டர் எதற்கு? – திருநெல்வேலி வாசகர்

ப: ராஜ குடும்பத்துக்காக. 1896ல் ஏதென்ஸில் முதல் ஒலிம்பிக் நடந்தபோது தூரம் 40 கிலோமீட்டரை ஒட்டித்தான் இருந்தது, அதில் ஜெயித்த ஸ்பிரிடான் லூயிஸ் தண்ணீர் சுமந்து விற்றவர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி ஸ்டேடியத்தில் ராஜ குடும்பம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேரே முடிய வேண்டும் என்று பாதை போட்டார்கள், கூட்டிப் பார்த்தால் 26 மைல், 385 கெஜம். 1921ல் அதையே உலகத்துக்கெல்லாம் பொதுவான தூரம் என்று வைத்துவிட்டார்கள்.

அந்த 1908 ஓட்டத்தில் இத்தாலிக்காரர் டோராண்டோ பியெட்ரி முதலில் ஸ்டேடியத்துக்குள் வந்தும், கடைசி நூறு இருநூறு மீட்டரில் திரும்பத் திரும்ப விழுந்து, அதிகாரிகள் கைத்தாங்கலாகக் கோட்டைத் தாண்ட வைத்ததால் தகுதி இழந்தார். பரிசு அமெரிக்காவின் ஜானி ஹேய்ஸுக்குப் போனது. மறுநாள் ராணி அலெக்சாண்ட்ரா பியெட்ரிக்குத் தனியாக ஒரு கோப்பை கொடுத்தார். முழங்கால் கழன்றுவிடும்போல இருக்கும் கடைசி 195 மீட்டரில் யாரைத் திட்டுவது என்று தெரியாதவர்களுக்கு இப்போது ஒரு விலாசம் கிடைத்துவிட்டது.

கே: ஃபுல் ஓடி முடித்தபோது என் ஜி.பி.எஸ். வாட்ச் 42.8 காட்டியது. 600 மீட்டர் கூடுதலாக ஓடவிட்டுவிட்டார்கள். இதைக் கேட்பார் இல்லையா? – கோயம்புத்தூர் வாசகர்

ப: கேட்கலாம், ஆனால் அந்த 600 மீட்டரில் பெரும்பகுதியை ஓடியது நீங்களாகவே.

மாரத்தான் பாதையை அளப்பது காரோ ஜி.பி.எஸ்ஸோ அல்ல, சைக்கிள். முன் சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்ட்டர் என்று ஒரு சின்னக் கருவியை மாட்டி, முதலில் நிலத்தில் டேப் வைத்து அளந்த ஒரு நேர்த்தூரத்தில் பல முறை ஓட்டி அதைச் சரிபார்த்துக்கொண்டு, அப்புறம் முழுப் பாதையையும் ஓட்டுவார்கள். 1970களில் அமெரிக்காவில் வந்த இந்தக் கருவிக்கு இன்று வரை மாற்று இல்லை. ஓட்டும்போது விதி என்னவென்றால், ஒரு ஓட்டக்காரர் விதிமீறாமல் போகக்கூடிய ஆகக் குறுகிய வழியில் போக வேண்டும், அதாவது வளைவில் நடைபாதை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு நேர்கோட்டில். அது போக, எந்தக் காரணத்தாலும் தூரம் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்துக்கு ஒன்று வீதம் சேர்த்துக்கொள்வார்கள், ஃபுல்லில் அது 42 மீட்டர் வரும். அவர்கள் வேண்டுமென்றே கூட்டியது இவ்வளவுதான்.

மீதி? கூட்டத்தை விலக்கிக்கொண்டு இடமும் வலமுமாகப் போனது, தண்ணீர் மேசைக்காக ரோட்டைக் குறுக்கே கடந்தது, வளைவை வெளிப்பக்கமாகச் சுற்றியது, தெரிந்தவரைப் பார்த்து கைகொடுக்கப் போனது. உயரமான கட்டிடங்களுக்கு நடுவில் வாட்ச் வேறு தன் பங்குக்குத் தடுமாறும். இதையெல்லாம் கூட்டினால் அரைக் கிலோமீட்டர் சர்வ சாதாரணம். போர்டில் 30 என்று போட்டிருக்கும் இடத்தில் வாட்ச் 30.4 காட்டினால் போர்டை நம்புங்கள், கணக்கு அதை வைத்துத்தான்.

கே: எனக்கு 52 வயது. இதுவரை ஓடியதே இல்லை. மகள் என் பேரையும் சேர்த்து ட்ரீம் ரன்னுக்குக் கொடுத்துவிட்டாள். 'இந்த வயசுல இது தேவையா' என்கிறார் வீட்டுக்காரர். போகவா, வேண்டாமா? – மாட்டுங்கா வாசகி

ப: போங்கம்மா. மார்க்கெட்டுக்குப் போய் பையோடு திரும்புகிற வேகத்தில் நடந்தாலே ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சுகர், பிரஷர், நெஞ்சுவலி என்று ஏதாவது இருந்தால் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் கிடைக்கும் வாரங்களில், வாரத்துக்கு நாலு நாள் அரை மணி நேரம் நடங்கள், கொஞ்சம் பழகியதும் இரண்டு நிமிஷம் நடை, அரை நிமிஷம் மெதுவோட்டம் என்று மாற்றிப் பாருங்கள், பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிற அளவுக்கு மூச்சு இருந்தால் வேகம் சரி. புது ஷூவை அன்று காலையில் முதல்முறையாகப் போடாதீர்கள்.

வீட்டுக்காரருக்குச் சொல்வதற்கு இரண்டு விஷயம் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்டன் மாரத்தான் 1897லிருந்து நடக்கிறது, பெண்களை அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டதோ 1972ல்தான். 1966ல் பாபி கிப் என்ற பெண் தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்துப் புதரில் ஒளிந்திருந்து, ஓட்டம் கிளம்பியதும் உள்ளே புகுந்து ஓடினார். அடுத்த வருஷம் கேத்ரின் ஸ்விட்சர் முதலெழுத்துகளை மட்டும் போட்டுப் பேர் கொடுத்து 261 என்ற எண்ணோடு ஓடியபோது, ஒரு அதிகாரி பின்னால் ஓடிவந்து அந்த எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். பெண்களுக்கு இவ்வளவு தூரம் ஆகாது, உடம்பு தாங்காது என்று சொல்லிக்கொண்டே இருந்து, ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தானை வைத்தது 1984ல். இரண்டாவது, ஃபவுஜா சிங். 89 வயதில்தான் மாரத்தான் ஓடவே தொடங்கினார், 2011ல் டொராண்டோவில் நூறு வயதில் ஃபுல் ஓடி முடித்தார், பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்கவில்லை என்பது வேறு கதை.

வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போக முடிந்தால் இன்னும் நல்லது. அவர் வயது எழுதவில்லை, ஆனாலும் ஊகிக்க முடிகிறது.

கே: போன மாதம் முதல் ஹாஃபை 2 மணி 20 நிமிடத்தில் முடித்தேன். நண்பர்கள் எல்லாம் 'அடுத்தது ஃபுல்தானே?' என்கிறார்கள். மூன்று மாதத்தில் ஃபுல் ஓடலாமா? – சேலம் வாசகர்

ப: ஓடலாமா என்றால் சில பேர் ஓடியிருக்கிறார்கள். ஓட வேண்டுமா என்றால் வேண்டாம்.

ஹாஃபை இரண்டால் பெருக்கினால் ஃபுல் வருவதில்லை. சராசரியாக, உடம்பின் எடை கிலோவுக்கு ஒரு கலோரி வீதம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் செலவாகும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. நீங்கள் 70 கிலோ என்று வைத்துக்கொண்டால் 42 கிலோமீட்டருக்கு 2,900க்கு மேல். தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பாகச் சேர்த்து வைத்திருப்பது 2,000 கலோரியை ஒட்டித்தான். கொழுப்பு எவ்வளவோ இருக்கிறது, ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். அதனால்தான் 30, 32 கிலோமீட்டர் வாக்கில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றுவிடுகிறார். ஓட்டக்காரர்கள் இதைச் 'சுவரில் முட்டுவது' என்பார்கள். கால் வலிப்பதைவிட, எதற்கு இதைச் செய்கிறோம் என்ற எரிச்சல் முதலில் வரும், அப்புறம் அழுகை வரும், பெரிய ஆபீஸர்கள்கூட ரோட்டோரம் உட்கார்ந்து அழுவதைப் பார்க்கலாம்.

மும்பையில் இதற்கு ஒரு விசேஷம் இருக்கிறது. பல வருஷமாக இருக்கும் பாதையில் பெடர் ரோடு மேட்டை இரண்டு தடவை ஏற வேண்டும். முதல் தடவை இருட்டில், குளிர்ச்சியில், புது ரத்தத்தில் ஏறுவீர்கள், அது மேடு என்றே தெரியாது. மெரைன் டிரைவ், ஹாஜி அலி, வொர்லி, சி லிங்க், பாந்த்ரா, மாஹிம், பிரபாதேவி எல்லாம் சுற்றிவிட்டு 36 கிலோமீட்டர் வாக்கில் அதே மேட்டுக்கு மறுபக்கத்திலிருந்து வந்து சேரும்போது வெயில் ஏறியிருக்கும், கடற்கரை ஊருக்கே உரிய பிசுபிசுப்பு வேறு. அங்கே குடியிருக்கிறவர்கள் வாசலுக்கு வந்து ஆரஞ்சுச் சுளை, பிஸ்கட், உப்பு, சாக்லேட் என்று நீட்டுவார்கள், ஒரு பாட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வலிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு கால் காட்டுகிறவர்களுக்கெல்லாம் அடித்துக்கொண்டிருப்பார். அந்த மேட்டில் நடக்காமல் ஏறுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அதனால் என் யோசனை: இந்த வருஷம் இரண்டு மூன்று 10 கிலோமீட்டர் ஓடுங்கள், ஹாஃபை 2 மணிக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். அப்புறமும் ஆசை இருந்தால் நாலைந்து மாதம் ஒதுக்கி, வாரம் ஒரு நீண்ட ஓட்டம், அதில் ஒன்றிரண்டாவது 30 கிலோமீட்டர் தொடும்படி, ஓடும்போதே வாழைப்பழமோ பேரீச்சம்பழமோ ஜெல்லோ சாப்பிட்டு வயிறு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டு தயாராகுங்கள். ஆசையே வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். 10 கிலோமீட்டரை முழுமூச்சாக ஓடுகிறவருக்கு ஃபுல்லில் பாதி நடந்தவரைப் பார்த்துக் கூச்சப்பட ஒன்றும் இல்லை, இதை வாட்ஸ்அப் குரூப்பில் சொன்னால் அடிக்க வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

கே: ஜெயிக்கிறவர்கள் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறார்கள்? – திருச்சி வாசகர்

ப: மும்பையில் எத்தியோப்பியாவின் ஹைலே லெமி 2023ல் 2 மணி 7 நிமிடம் 32 வினாடியில் ஓடினார். கிலோமீட்டருக்கு மூன்று நிமிஷம், ஒரு வினாடி. உங்கள் தெருவில் நன்றாக ஓடுகிற காலேஜ் பையனைக் கூப்பிட்டு ஒரே ஒரு கிலோமீட்டரை மூன்று நிமிஷத்தில் ஓடச் சொல்லிப் பாருங்கள். அதே வேகத்தில் இன்னும் 41 பாக்கி. நம் ஆட்களில் ஷிவ்நாத் சிங்கைச் சொல்ல வேண்டும், பெரும்பாலும் வெறுங்காலில் ஓடியவர், 1978ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடம். தேசிய சாதனையாக அது பல பத்தாண்டுகள் அசையாமல் நின்றது.

கே: ஓடும்போது தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்களே? – சென்னை வாசகி

ப: தாகத்துக்குக் குடித்தால் போதும். எங்கே மேசையைப் பார்த்தாலும் இரண்டு டம்ளர் என்று குடிப்பது ஆபத்து, ரத்தத்தில் சோடியம் குறைந்து தலை சுற்றல், வாந்தி, குழப்பம், மோசமானால் உயிருக்கே உலை வைக்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது, ஓட்டத்தின்போதே உடம்பு எடை கூடியவர்களிடம்தான் அது அதிகம். மெதுவாக ஓடுகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள், நேரமும் அதிகம், மேசைகளில் நின்று நிதானமாகக் குடிக்க வசதியும் அதிகம். மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் போகிறவர்கள் இடையில் எலெக்ட்ரால் மாதிரி ஏதாவது குடிக்கட்டும், ஆனால் அதையும் அளவோடு.

கே: ஓட்டம் நடக்கிற அன்று மாஹிம் பக்கம் ரோடெல்லாம் அடைத்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிற எங்களைப் போன்றவர்களுக்கு இதனால் என்ன லாபம்? – தாராவி வாசகர்

ப: நியாயமான கோபம். ஆரம்பத்தில் இந்த நகர மாரத்தான்கள் யாருக்கும் தொந்தரவு தரவில்லை. நியூயார்க்கில் 1970ல் முதல் ஓட்டம் ஒரு பூங்காவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தது, 127 பேர் கிளம்பி 55 பேர் முடித்தார்கள். 1976ல் அதை நகரத்தின் ஐந்து பகுதிகளுக்கும் கொண்டுபோனார்கள், அப்போதுதான் ஊரே வேடிக்கை பார்க்க வந்தது, மற்ற ஊர்களும் அந்த வழியைப் பிடித்துக்கொண்டன. ஊர் நடுவே ஓடுவதுதான் இதன் கவர்ச்சி, அதற்கான விலையைக் கொடுப்பது அங்கே குடியிருக்கிறவர்கள்.

லாபம் என்றால், இந்த ஓட்டத்தை வைத்து ஒவ்வொரு வருஷமும் தொண்டு நிறுவனங்களுக்குக் கோடிக்கணக்கில் பணம் திரட்டுகிறார்கள். பள்ளிக்கூடம், புற்றுநோய் சிகிச்சை என்று அது போகிறது. அதற்காக உங்கள் அரை நாள் கூலி போனது சரியாகிவிடாது. எந்த ரோடு எப்போது மூடும், எப்போது திறக்கும், எந்தப் பக்கம் கடக்கலாம் என்று பத்து நாளைக்கு முன்னாலேயே மராத்தி, இந்தி, தமிழ் மூன்றிலும் தெருமுனையில் எழுதி ஒட்ட வேண்டும், இங்கிலீஷ் பேப்பரில் மேப் போட்டால் உங்கள் தெருவில் எத்தனை பேர் பார்ப்பார்கள்? உங்கள் வார்டு கார்ப்பரேட்டரிடம் இப்போதே எழுதிக் கொடுங்கள், ஜனவரி இரண்டாம் வாரம் போனால் கேட்க ஆள் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. பைக்குக்கும் நடந்து போகிறவர்களுக்கும் வருஷம் முழுக்க அனுமதி இல்லாத சி லிங்க்கில் காலால் போக வழி கிடைக்கும் அபூர்வ நாள் இது. ஆனால் பிப், அதாவது ஓடுகிறவர்கள் மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டை, உள்ளவர்களுக்குத்தான். எனக்கு அது உறுத்தலாகத்தான் இருக்கிறது.

கே: நடுவில் ஆட்டோ பிடித்து வந்து மெடல் வாங்கிவிட முடியாதா? – மதுரை வாசகர்

ப: ஐடியா பழசு. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் ஃப்ரெட் லோர்ஸ் பாதித் தூரத்தைக் காரிலேயே வந்து முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டினார், உடனே மாட்டிக்கொண்டார். 1980 பாஸ்டனில் ரோஸி ரூயிஸ் கடைசி கொஞ்ச தூரத்தில் கூட்டத்திலிருந்து குதித்து பெண்களில் 'முதலிடம்' பிடித்தார், வியர்வையே இல்லையே என்று சந்தேகப்பட்டுப் பிடித்துவிட்டார்கள். இப்போது பிப்பில் ஒரு சிப் இருக்கிறது, வழியில் ஆங்காங்கே தரையில் விரித்திருக்கும் பாயை மிதிக்கும்போதெல்லாம் நேரம் பதிவாகும், ஒரு பாயை விட்டாலும் கேள்வி வரும்.

இதைவிட மோசம், ஒருத்தர் பிப்பை இன்னொருத்தர் மாட்டிக்கொண்டு ஓடுவது. பிப்பின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், ரத்த வகை, உடம்புக்கு என்ன, அவசரத்துக்கு யார் நம்பர் என்று எழுத இடம் இருக்கும். மயங்கி விழுந்தவரின் பிப்பை நம்பி, வீட்டில் சௌக்கியமாகத் தூங்கிக்கொண்டிருக்கும் வேறொருவரின் மனைவிக்கு ஆம்புலன்ஸ்காரர் போன் போடுவார். விழுந்தவருக்கு என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது யாருக்கும் தெரியாது.

கே: முதல்முறையாக 10 கிலோமீட்டர் ஓடப் போகிறேன். முந்தின நாள் ராத்திரி என்ன சாப்பிடுவது? – நாகர்கோவில் வாசகர்

ப: வழக்கமாக என்ன சாப்பிடுவீர்களோ அதையே, கொஞ்சம் சீக்கிரமாக. இட்லியோ தயிர்சாதமோ போதும், பரோட்டாவும் பீஃப் ஃப்ரையும் அடுத்த நாளைக்கு. 10 கிலோமீட்டருக்கு விசேஷமாக எதையும் சேர்த்து வைக்கத் தேவையில்லை. காலையில் வாழைப்பழம் ஒன்று, பழக்கமிருந்தால் காப்பி. தொடை இடுக்கிலும் அக்குளிலும் வாஸ்லைன், ஆண்கள் மார்புக் காம்பிலும், இல்லையென்றால் முடித்துவிட்டுக் குளிக்கும்போது அலறுவீர்கள். ஓடும் இடத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னால் போய்விடுங்கள், போனதும் முதல் வேலையாகக் கழிப்பறை வரிசையில் நில்லுங்கள், அப்போது போக வேண்டியிருக்காவிட்டாலும், ஏனென்றால் உங்கள் முறை வருவதற்குள் வந்துவிடும்.